டென்னிஸ் பூர்வாங்க விசாரணை

டென்னிஸ் விளையாட்டைப் பற்றி நூல்கள் பல உளவாயினும், ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர் தம் சரீரத்தையும் மனத்தையும் எதன்பொருட்டு ஆயத்தப்படுத்திக்கொள்கிறார் என்னும் வினா தக்கவாறு ஆராயப்படாமற் கிடப்பதால், சென்னையில் லூகாஸ் தொழிற்சாலைக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் இடைப்பட்ட பாடி வட்டாரத்தில் ஞாயிறுதோறும் ராக்கெட் ஏந்தும் அன்பர்களின் அனுஷ்டானங்களை ஆதாரமாகக் கொண்டு இவ்விசாரணையை நிகழ்த்தத் துணிகின்றோம்.

ஆயத்தத்தின் பயன் வெற்றியே என்பது பூர்வபட்சம். 1966-இல் கல்கத்தாவில், பிரேஸிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பைப் பந்தயத்தில், தோமாஸ் கோக்கிடம் நான்காவது ஸெட்டில் 2–5 என்று பின்தங்கியிருந்த ராமநாதன் கிருஷ்ணன், அந்த ஸெட்டையும் அடுத்ததையும் வென்று இந்தியாவை இறுதிச் சுற்றுக்கு ஏற்றியதைப் பூர்வபட்சத்தார் மேற்கோள் காட்டுவர். மேற்கோள் மெய்யே, ஆனால் பொருந்தாது. வென்றவரை விளக்கம் கேட்பார் எவருமிலர். டென்னிஸில் சமநிலை முடிவு கிடையாதாகையால் ஒருவர் தோற்றே தீரவேண்டும். அவர் இன்னார் என்பது முன்னதாகத் தெரியாதாகையால் இருவருமே தோல்விக்கு ஆயத்தமாதல் விவேகம். மேலும், காரியத்துக்குத் தவறாது முற்பட்டு நிற்பதே காரணம் என்று தர்க்க சாஸ்திரிகள் வகுத்திருப்பதால், தோற்ற பின் சொல்லப்படுவது வெறும் சாக்கு. ஆட்டத்துக்கு முன் சொல்லப்பட்டதே காரணம். அக்காரணங்களை முற்கூட்டி நிறுவும் கிரியையே ஆயத்தம் என்பது நம் சித்தாந்தம்.

இது சாரீரம், மானசம் என இருவகைப்படும். சாரீரத்துள் தலையாயது முழங்காலில் சுற்றப்படும் க்ரேப் பேண்டேஜ். அது தானே பேசாது, எதிராளியைப் பேசத் தூண்டுவதால் சிறப்புடைத்து.

"என்ன சார், முட்டியில கட்டு?"

"அத ஏன் சார் கேக்குறீங்க, நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வரேன், மாடிப்படியில லேசா மடங்கிடுச்சு. பரவால்ல, வாங்க, ஆடலாம்."

இவ்விரண்டு வாக்கியங்களில் தூக்கமின்மை, காயம், பெருந்தன்மை ஆகிய மூன்றும் நிறுவப்பட்டமை காண்க. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்தைத் தட்டி உடலைச் சூடேற்றிக்கொள்ள ஐந்து நிமிஷமே பெறுகின்றனர். பாடியில் இச்சம்பாஷணைக்கே அதனினும் மிகுதியாகச் செலவாகிறது. சூரியன் கண்ணில் அடிப்பதைக் காரணமாக நம்புவோர் பாலபாடம் கல்லாதவர். ஒற்றைப்படை எண்ணுள்ள கேம் முடியுந்தோறும் இருவரும் பக்கம் மாறவேண்டுமென்பது விதியாதலின், சூரியன் இருவர்க்கும் பொது.

மானசத்துக்குப் பாடி தனிச்சிறப்பு வாய்ந்த க்ஷேத்திரம். திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் இங்குளது. அது குரு ஸ்தலமாகவும் போற்றப்படுவது. வியாழக்கிழமை அங்கே தரிசனம் செய்துவிட்டு, "நமக்கு இந்தப் பெயர்ச்சி சரியில்ல சார்" என்று கோர்ட்டில் ஒரு வார்த்தை போட்டுவைப்பவர், குரு ஒரு ராசியில் ஏறக்குறைய ஓராண்டு தங்குவாராகையால், ஆண்டு முழுவதற்குமான தோல்விகளை ஒரே தடவையில் ஈடுகட்டியவராகிறார். இரட்டையர் ஆட்டத்தினரோ ஆயத்தம் ஏதுமின்றி வருகின்றனர். அவர்க்குக் கூட்டாளியே போதிய காரணம்.

ஒருகால் வென்றுவிட்டால் இத்தனை முயற்சியும் வீணன்றோ எனின், அன்று. அதே முழங்கால், அதே ஷிஃப்ட், அதே குரு, "இவ்வளவுக்கும் நடுவே ஜெயித்தார்" என்னும் கீர்த்தியாக மாறுவதால், இருவழியும் பயன் தருவது காரண சேகரம் ஒன்றே. ஸர்வீஸ் பழகியவர்க்கு இவ்வுறுதி கிடையாது.

ஆதலால் ஞாயிறு காலை ஆடவிருக்கும் அன்பர்கள் தத்தம் காரணங்களைச் சனிக்கிழமை மாலைக்குள் அறிவித்துவிடுவார்களாக. கடைசிப் பாயிண்ட் முடிந்த பின் சமர்ப்பிக்கப்படுபவை பரிசீலிக்கப்படமாட்டா.