பூட்டைத் திற

1974-இல் எங்கள் பெரியப்பாவிடம் ஓர் அம்பாசிடர் இருந்தது. கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் கார். வண்டி பெரியப்பாவுடையது, ஆட்சி டிரைவர் அண்ணனுடையது. காலையில் அவர் "செல்ஃப் எடுக்கலை" என்று அறிவித்தால் பையன்கள் நாலு பேர் பின்னால் போய்த் தள்ளுவோம். பானெட், சைலன்சர், ஸ்டெப்னி, டிக்கி என்று அவர் வாயிலிருந்து விழுந்ததெல்லாம் அசல் இங்கிலீஷ் என்று நம்பியிருந்தேன்.

அப்பா ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். ஒருநாள் வீட்டில் நான் "டிக்கி" என்றதும், கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி முகத்தைச் சுளித்தார். "டிக்கி இல்லடா, பூட். ஸ்டெப்னின்னு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தையே கிடையாது. ஸ்பேர் வீல்." மறுநாளே அந்த ஞானத்தைச் சுமந்துகொண்டு போய் டிரைவர் அண்ணனைத் திருத்தினேன். அவர் பீடியை நிதானமாக அணைத்தார். "பூட்ஸு கால்ல போடுறது தம்பி. வண்டிக்கு எதுக்கு?"

பதில் தெரியவில்லை. இருந்தாலும் அன்றிலிருந்து நான் பூட் கட்சி.

2023 டிசம்பரில் நியூ ஜெர்சிக்குப் போனேன். விமான நிலைய வாசலில் இரண்டு பெட்டிகளோடு குளிரில் நடுங்கிக்கொண்டே மகனிடம் சொன்னேன்: "பூட்டைத் திறடா."

"பூட்டெல்லாம் திறந்துதான் இருக்குப்பா, ஏறுங்க."

பின்பக்கத்தைக் கையால் தட்டிக் காட்டினேன். "ஓ, ட்ரங்க்கா!" என்று சிரித்தான். ஐம்பது வருஷம் கட்டிக் காத்த என் இங்கிலீஷ் அந்த இடத்திலேயே செத்தது. ட்ரங்க் என்றால் எனக்கு, அப்பா பெயரை வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிப் பரணில் ஏற்றிவைத்த தகரப் பெட்டி. வேடிக்கை என்னவென்றால் அமெரிக்காக்காரனுக்கும் ஆதியில் அதேதான்: அந்தக் காலத்துக் கார்களின் முதுகில் நிஜமான ட்ரங்க் பெட்டியையே கட்டிவைத்தார்கள். பெட்டி போய்ப் பெயர் நின்றது. பூட் என்பது குதிரைக் கோச்சில் சாமான் வைத்த அறை. டிக்கியும் கோச்சு வண்டிச் சொல்தான். வண்டிக்காரனோ வேலைக்காரனோ உட்கார்ந்த வெளி இருக்கைக்கு அந்தப் பெயர். பிறகு காரின் பின்னால் மடித்துத் திறக்கும் இருக்கைக்கு ஒட்டிக்கொண்டது. இருக்கையும் ஒழிந்தது, நம்மூரில் பெயர் மட்டும் சாமான் அறைக்கு இறங்கிவிட்டது. அதாவது டிரைவர் அண்ணன் பேசியது கொச்சை இங்கிலீஷ் இல்லை, பழைய இங்கிலீஷ்.

அதைவிடப் பெரிய அநியாயம் ஸ்டெப்னிக்கு நடந்தது. ஆரம்ப காலத்துக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சர் என்றால் வழியில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். 1904-இல் வேல்ஸில் லானெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும்படி ஆரக்கால் இல்லாத ஒரு வளையம் செய்தார்கள். கடை இருந்த தெரு ஸ்டெப்னி ஸ்ட்ரீட். இங்கிலீஷ்காரன் அந்தப் பெயரை மறந்தே போனான். நம்மூர் மெக்கானிக் விடவில்லை. பிரேசிலில்கூட 'எஸ்டெப்பி' என்றுதான் சொல்கிறார்கள். இதை அப்பாவிடம் சொல்லி ஜெயிக்க முடியாதபடி அவர் 1998-இலேயே போய்விட்டார்.

மகன் வீட்டில் ஒருநாள் "கேஸ் போட்டுட்டு வரேன்" என்றான். இந்த வண்டி கேஸில் ஓடுவதா என்று கேட்டேன். எங்கள் ஊர் ஆட்டோவெல்லாம் அப்படித்தானே! பெட்ரோலைத்தான் சொன்னானாம். இன்னொரு நாள், "மஃப்ளர் போயிடுச்சு, மாத்தணும்." கழுத்தில் இருந்ததை அவிழ்த்து நீட்டினேன். சைலன்சரைத்தான் சொன்னானாம். பானெட்டை ஹூட் என்கிறான். எனக்கு ஹூட் என்றால் சைக்கிள் ரிக்‌ஷாவில் மழைக்கு இழுத்துவிடுவது. ஆனால் ஒன்று: பானெட்டும் ஹூட்டும் தலையில் போட்டுக்கொள்வதன் பெயர்கள். இரண்டு தேசமும் எஞ்சினுக்குக் குல்லாதான் மாட்டியிருக்கின்றன.

பிட்ஸ்பர்க் பெருமாளைச் சேவிக்கப் புறப்பட்டோம். பாதி வழியில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்துவிட்டு மகன், "ஃப்ளாட்" என்றான். அது நம்மூரில் கோடிக் கணக்கில் விலை பேசும் சமாசாரம், இங்கே பஞ்சர். டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கிழிசல்.

எனக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஐம்பது வருஷக் கட்சி மாறி, "டிக்கியைத் திற, ஸ்டெப்னியை எடு" என்றேன். எப்படியோ புரிந்துகொண்டான். திறந்தான். அடியில் கம்பளத்தைத் தூக்கினால் சக்கரம் இல்லை. காற்றடிக்கும் சின்னப் பம்பும் ஒரு பாட்டில் பசையும் இருந்தன. கிழிசலுக்கு அது உதவாது.

"இப்பல்லாம் நிறைய வண்டியில ஸ்பேர் கொடுக்கறதில்லப்பா."

இழுத்துப் போகும் வண்டி வர இரண்டே கால் மணி நேரம் ஆனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயிலில் நடை சாத்தியிருந்தார்கள்.