வீட்டு ஒலிப்பதிவுக்கூடத்தின் துணியுறைகள்: ஒரு பூர்வாங்க ஆய்வு

வீட்டு ஒலிப்பதிவுக்கூடம் எனப்படுவது, ஒரு மைக், ஒரு கணினி, இரண்டு ஸ்பீக்கர்கள், உள்ளிருந்து தாழிடக்கூடிய ஒரு கதவு ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த படுக்கையறை என வரையறுக்கத்தக்கது. இவற்றுள் கதவைத் தவிர ஏனைய மூன்றையும் இரவல் வாங்கிச் சமாளிக்கலாம். சென்னையின் சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம் ஆகிய பகுதிகளின் அடுக்ககங்களில் இவ்வறைகள் பல்கிப் பெருகியிருப்பதற்குக் கோடம்பாக்கத்தின் அண்மை ஒரு காரணமாயினும், அவற்றின் சுவர்கள் கண்கொண்டு பார்க்க இயலாதவையாக இருப்பதற்குக் கோடம்பாக்கத்தைப் பொறுப்பாக்க இயலாது.

அச்சுவர்களின் வரலாற்றை மூன்று காலங்களாகப் பகுக்கலாம். முதலாவது முட்டை அட்டைக் காலம். மளிகைக் கடையிலிருந்து பெற்ற அட்டைகளைச் சுவர் முழுதும் ஒட்டினால் ஒலி அடங்கும் என்ற நம்பிக்கை இக்காலத்துக்கு உரியது. மெல்லிய காகிதக் கூழால் ஆன அவ்வட்டை ஒலிக்குச் செய்வது சொற்பம், கரப்பான்களுக்குச் செய்வது ஏராளம். இரண்டாவது கருஞ்சாம்பல் நிற ஃபோம் காலம். இவ்விரண்டையும் அடுத்து வருவதே இக்கட்டுரையின் பொருளாகிய துணியுறைக் காலம்.

துணிக்கும் அறையொலிக்கும் உள்ள உறவை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் கிளமென்ட் சாபின். 1895-இல், பேச்சு விளங்காத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சீர்செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒலி நின்ற பின்னும் அதன் எதிரொலிகள் அங்கே ஐந்தரை விநாடி அலைந்தன. அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, எதிரொலி குறைவதை அளந்து, விடிவதற்குள் அவற்றைத் திருப்பி வைத்தார். அளவெடுக்கும்போது தாம் அணிந்திருந்த உடையும் ஒலியை உறிஞ்சுவதைப் பின்னர் கண்டறிந்து, ஆயிரக்கணக்கான அளவீடுகளைக் கைவிட்டு, அதன்பின் ஒரே உடையையே உடுத்திச் சோதனையைத் தொடர்ந்தார். ஒலிப்பதிவுக் கலைஞர்கள் ஒரே டி-சர்ட்டை நாள்கணக்கில் மாற்றாதிருக்கும் வழக்கத்துக்கு இதைவிடத் தொன்மையான ஆதாரம் கிடைக்கவில்லை.

சாபினின் வெற்றியைக் கண்டு, சுவரில் துணியை ஒட்டினால் போதும் என முடிவுகட்டுவோர் இயற்பியலின் ஒரு சிறு விதியை மறந்துவிடுகின்றனர். துணி ஒலியை விழுங்குவது அதன் இழைகளுக்கிடையே காற்று உராய்வதால். காற்றின் அசைவோ சுவரை ஒட்டிய இடத்தில் அறவே இல்லாமல், அலைநீளத்தின் கால்பங்கு தூரத்தில் உச்சமடைகிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அத்தூரம் ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர். சென்னை அடுக்ககங்களில் பரவலாகக் காணப்படும் பத்துக்குப் பத்து அறையின் அடிப்படை அதிர்வெண்ணாகிய 56 ஹெர்ட்ஸுக்கு அதுவே ஐந்தடி. அதாவது, அடித்தொனியின் முழக்கத்தைத் துணியால் அடக்க விரும்புபவர் அதனைச் சுவரில் அன்று, அறையின் நட்டநடுவே, பாடகருக்கும் மைக்குக்கும் குறுக்காகத் தொங்கவிட வேண்டும் என்பது கணக்கின்படி பெறப்படும் முடிவு. இதனை நடைமுறைப்படுத்தியவர் எவரும் அறியப்படவில்லை. கூரையும் பத்தடி உயரத்தில் அமைந்துவிட்டால், மூன்று திசைகளிலும் அதே அதிர்வெண் கூட்டுச் சேர்ந்து முழங்கும். சுவரோடு ஒட்டிய மெல்லிய துணியோ ‘ச’, ‘ஸ’ போன்ற உரசொலிகளின் கூர்மையை மட்டும் மழுக்கிவிட்டு அம்முழக்கத்தை அப்படியே விட்டுவைக்கும்.

இங்கு இன்னொரு மயக்கத்தையும் களைதல் வேண்டும். ஒலி உறிஞ்சல் என்பது அறைக்குள் எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பாமல் தடுப்பது. ஒலித்தடுப்பு என்பது வெளியொலி உள்ளே வராமல் காப்பது. பின்னதற்குத் தேவை எடையும் இடுக்கில்லாத அடைப்பும். எத்துணை விலையுயர்ந்த வெல்வெட்டைத் தொங்கவிட்டாலும், அடுத்த வீட்டுக் குக்கரின் மூன்றாவது விசில் பாடலின் சரணத்தில் இடம்பெற்றே தீரும்.

அங்ஙனமாயின் துணியால் யாது பயன் எனும் வினா எழுகிறது. அறையொலியை உண்மையில் திருத்துவது ராக்வூல் எனப்படும் பாறையிழைப் பஞ்சு. கல்லை உருக்கி நூற்ற இழையாதலால், தொட்டவர் அன்று முழுவதும் சொறிந்துகொண்டிருப்பர். நிறமோ பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு துயரம். நான்கடிக்கு இரண்டடி மரச்சட்டத்துள் இதனை இரண்டு அங்குலம் முதல் நான்கு அங்குலம் வரை நிரப்பி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டுவதே முறை. அதை வீட்டார் கண்ணிலிருந்தும் தோலிலிருந்தும் மறைப்பதே துணியின் தலையாய பணி. ஆகவே துணி ஒலியியலைச் சேர்ந்தது என்பதைவிடக் குடும்ப அமைதியைச் சேர்ந்தது என்பதே பொருந்தும். ஒலியை உறிஞ்சும் திறனுக்குச் சாபினின் பெயரால் ஓர் அலகு உள்ளதுபோல, வீட்டுக்கு வரும் உறவினர் “இது என்ன கண்ணறாவி?” என்று கேளாமல் அறையைக் கடந்துசெல்லும் நேர்வுகளை எண்ணவும் ஓர் அலகு வேண்டும்.

துணித் தேர்வில் பிழைகள் மலிந்துள்ளன. ரெக்சின் பளபளப்பாக இருப்பினும் காற்றை விடாது. அதனைப் போர்த்திய பஞ்சு, உச்சத் தொனிகளைப் பொறுத்தவரை வெறும் சுவரே. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது, கோடுகளும் அழகு. ஆனால் அதற்குரிய இடம் டைல்ஸ் தரை, சுவரன்று. சணல் துணியும் தளர்ந்த நெசவுடைய கதரும் காற்றைத் தாராளமாக விடுபவை. சணலில் மழைக்காலத்துப் புழுக்க வாடை ஏறும் என்பது மெய்யே. எனினும் அதன் மண்ணிறம் அழுக்கை மறைப்பதால் கதரினும் அதுவே மேலானது என்பது இக்கட்டுரையின் துணிபு.

உறையிடும் முறையிலும் ஒழுங்கு உண்டு. துணியைத் தரையில் கவிழ்த்து விரித்து, சட்டத்தை அதன்மேல் குப்புற வைத்து, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் முதலில் ஒரு ஸ்டேப்ளர் பின்னை அடித்து, எதிரெதிர்ப் பக்கங்களை மாறிமாறி இழுத்தபடி மூலைகளை நோக்கி நகர வேண்டும். மூலையைப் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல் மடித்து அடிக்க வேண்டும். ஒரு மூலையிலிருந்து தொடங்கியவரின் துணியில் இழைகள் குறுக்கே சாயும். அச்சாய்வு ஒலிப்பதிவில் கேளாது, ஆனால் நாள்தோறும் கண்ணில் உறுத்தும். சட்டத்தின் பின்னிடைவெளியில் பல்லி குடிபுகுவதை விலக்க வழியில்லை. நிசப்தமான இடங்களை அது நன்கறியும்.

இறுதியாக வாங்குவோர் கவனத்துக்கு: துணிக்கடையில் நிறத்தைப் பார்க்குமுன் ஒரு மடிப்பை வாயருகே வைத்து ஊதிப் பார்த்தல் வேண்டும்; மறுபுறம் கையில் மூச்சு தடையின்றிப் பட்டால் அத்துணி தேறும். கடைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பதைப் பொருட்படுத்தாமல், அரை மீட்டர் கூடுதலாகவே வெட்டி வாங்குக.