ஜெபித்துச் சொல்கிறேன்

கட்டுகஸ்தோட்டையில் நடக்கும் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லாம் நன்றாகத்தான் போகும், போதகர் அந்த வாக்கியத்தைச் சொல்லும்வரை. "இப்போ யாராவது ஒருத்தர் ஜெபத்தில நடத்துங்க." அவ்வளவுதான். அதுவரை பாட்டில் கூரையைத் தூக்கிய கூட்டம் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆளில்லாத வீடாகிவிடும். குசினியில் பிளேன்டீக்குத் தண்ணீர் கொதிப்பது கேட்கும். மகாவலிப் பாலத்தில் லொறி ஒன்று கியர் மாற்றுவது கேட்கும். யாரோ தொண்டையைச் செருமுவார். அப்பாடா, ஆரம்பித்துவிட்டார் என்று மூச்சு விட்டால், அது வெறும் சளி. கடைசியில் பொறுக்கமாட்டாமல் இரண்டு பேர் ஒரே நேரத்தில் "அன்பின் பரலோக பிதாவே" என்று தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். "நீங்க பண்ணுங்க அங்கிள்." "இல்ல மகள், நீங்க பண்ணுங்க." பிதாவை வாசலில் நிற்க வைத்துவிட்டு உபசாரம் நடக்கும். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர்தான் வழக்கமாக எங்களைக் காப்பாற்றுவார். அவர் ஆரம்பித்தால் பிளேன்டீ ஆறிவிடும் என்பது வேறு கதை.

இதைக் கூச்சம் என்று மன்னித்துவிடலாம். பக்தி வேஷம் கட்டி வருகிற தயக்கம்தான் கில்லாடி. ஞாயிறு பாடசாலைக்கு ஆள் வேண்டும், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கப் போக ஆள் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "ஜெபித்துச் சொல்கிறேன்" என்பார்கள். இதற்கு மறுபேச்சுக் கிடையாது. ஜெபிக்காதீர்கள் என்று எந்தப் போதகர் சொல்வார்? கோப்பு அந்தக் கணமே மேலிடத்துக்குப் போய்விடுகிறது. பதில் வராததற்கு இனி மேலிடம்தான் பொறுப்பு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சபைக் கமிட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது மட்டும் ஒருவருக்கும் ஜெபிக்கத் தோன்றுவதில்லை. அங்கே எல்லாருக்கும் உடனடியாகவே சித்தம் தெரிந்துவிடுகிறது. கண்டி டிரினிட்டி கல்லூரிச் சிற்றாலயத்தில் டேவிட் பெயிண்டர் தீட்டிய சுவரோவியங்களில் ஒன்று, செபெதேயுவின் மனைவி தன் மகன்மார் இருவருக்கும் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் கேட்கிற காட்சி. எங்கள் சபையாருக்கு ஒரு புரவலர் வேண்டுமென்றால் நான் அந்த அம்மாவைத்தான் சிபாரிசு செய்வேன்.

தயங்குகிறவர்கள் வேதத்திலிருந்து கிதியோனைத் துணைக்கு அழைப்பது வழக்கம். அவன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, முதல் இரவு தோல் மட்டும் நனைய வேண்டும், மறு இரவு தரை மட்டும் நனைய வேண்டும் என்று கடவுளுக்கே பரீட்சை வைத்தவன். நல்லவேளை, அவன் ஊர் கண்டி இல்லை. ஹந்தானை அடிவாரத்தில் மார்கழி இரவில் எதைப் போட்டாலும் நனையும். தோலும் நனையும், தரையும் நனையும், போட்டவனுக்குத் தடிமனும் பிடிக்கும். மீதியானியர் ஒரு சேதமும் இல்லாமல் பிழைத்திருப்பார்கள்.

என் நண்பன் ஒருவனுக்கு இளவயதிலேயே ஊழியத்துக்கு அழைப்பு வந்தது. வந்ததாக அவன்தான் சொன்னான். பிலிமத்தலாவையில் 1963 முதல் இலங்கை இறையியல் கல்லூரி இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் படிக்கலாம். இவன் வேலைக்குப் போகும் வழியும் அதுதான். ஆனாலும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமே. பஸ் பிலிமத்தலாவையில் நின்றால் அது கர்த்தருடைய அடையாளம் என்று பொருத்தனை செய்தான். நின்றது. பிறகுதான் யோசித்தான்: கடுகண்ணாவைப் பக்கம் போகிற எந்த பஸ்தான் பிலிமத்தலாவையில் நிற்காது? அடையாளம் செல்லாது என்று அவனே தள்ளுபடி செய்துவிட்டான். இப்போது பென்ஷனுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். "கூப்பிடுற சத்தம் இன்னும் கேக்குது மச்சான். யாரைக் கூப்பிடுறார்னுதான் தெளிவா இல்ல."

இவனுக்காகத்தான் ரொபர்ட் நொக்ஸின் கதையைத் தேடிப் பிடித்தேன். புயலில் பாய்மரத்தை இழந்து கொட்டியாரத்தில் ஒதுங்கிய 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பலின் தலைவருடைய மகன் நொக்ஸ். 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தகப்பனையும் மகனையும் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குள் கொண்டுபோனார்கள். பையனுக்குப் பத்தொன்பது வயது. அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் இறந்தார். மகனிடம் மிஞ்சியவை நடுக்கக் காய்ச்சல், மனப்பாடமாகும்வரை படித்துத் தீர்த்த இரண்டு பக்திநூல்கள், தகப்பன் பரங்கிப்பேட்டையிலிருந்து கூட்டிவந்த ஒரு வேலைக்காரப் பையன்.

ஒருநாள் நொக்ஸ் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறான். அந்த வழியாகப் போன கிழவர் ஒருவர் பையனிடம், உன் எஜமானுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியுமா என்று விசாரிக்கிறார். போர்த்துக்கீசர் கொழும்பை விட்டபோது கைக்கு வந்த புத்தகம் ஒன்று அவரிடம் இருக்கிறதாம், விற்பாராம். பார்க்கக் கையில் வாங்கிப் பிரித்தால் ஆங்கில பைபிள். திறந்த பக்கம் அப்போஸ்தலர் பதினாறு. இரட்சிக்கப்பட என்ன செய்ய வேண்டும் என்று சிறைச்சாலைக்காரன் பவுலையும் சீலாவையும் கேட்கிற இடம். சிறையிருப்பவனுக்குக் கிடைத்த பக்கத்தைப் பாருங்கள்! நொக்ஸிடம் அப்போது இருந்த மொத்த ஆஸ்தி ஒரு பொன் வராகன். அதைக் கொடுத்துவிடத் துடிக்கிறான்.

பரங்கிப்பேட்டைப் பையன் விடவில்லை. அவ்வளவு கொடுக்காதீர்கள், காசுக்கு வேறு தேவை இருக்கிறது, கிழவர் முன்னால் புத்தகம் வேண்டாதவர் மாதிரி இருங்கள், குறைந்த விலைக்கு நான் முடித்துத் தருகிறேன் என்கிறான். கண்டி மத்திய சந்தையில் இன்றைக்கும் செல்லுபடியாகும் புத்தி அது. இதை வாசித்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. பரங்கிப்பேட்டை நம்ம கரைதானே. வேறு வழியில்லாவிட்டால் கடைசியில் வராகனைக் கொடுத்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நொக்ஸ் சம்மதித்தான். கிழவர் மனம் மாறியிருக்கலாம். இந்தத் துரைக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று வேறு பக்கம் போயிருக்கலாம். தன் உயிரை விடப் பெரிதாக நினைத்த ஒன்றை வைத்துப் பேரம் பேசுகிற துணிச்சல் எனக்கு வராது. கடைசியில் வியாபாரம் ஒரு பின்னல் தொப்பிக்கு முடிந்தது.

நொக்ஸின் தயக்கமும் எங்களுடையதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அவன் முகத்தில் அலட்சியத்தை ஒட்டவைத்துக்கொண்டு உள்ளே தவித்தான். நாங்கள் முகத்தில் தவிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே நிம்மதியாக இருக்கிறோம், யாரும் விற்க வந்துவிடக் கூடாதே என்று.

பிறகு நொக்ஸ் கண்டிக்கு அருகே எலதெத்தவில் வீடு கட்டிக் குடியிருந்தான். கைதான ஆங்கிலேயர் பலர் இங்கேயே கல்யாணம் கட்டி அமைதியானார்கள். இவன் கட்டவில்லை. தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், வியாபாரி வேஷத்தில் வடக்கே போய்ப் போய் வழி பார்த்தான். 1679இல் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழனோடு அநுராதபுரம் வழியாக மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். பத்தொன்பது வருடம்! இவனும் தாமதித்தவன்தானே என்று யாராவது சொல்லலாம். அந்தப் பத்தொன்பது வருடமும் அவனுக்கு வழி தேடுவதிலேயே போனது. அடையாளம் கேட்டு எதையும் களத்தில் காயப்போடவில்லை.

இவ்வளவையும் நண்பனுக்கு ஒரு மாலை, வாவிக்கரையில் நடந்துகொண்டே சொன்னேன். இடையில் பேசாமல் கேட்டான். அவன் கேட்ட விதத்தைப் பார்த்து, சரி, ஆளை அசைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். குயின்ஸ் ஹோட்டல் பக்கம் வந்ததும் நின்றான்.

"நொக்ஸுக்கு அந்தப் பையன் இருந்தான் மச்சான். எனக்கு எங்க வீட்டம்மா இருக்கா. அவ மட்டும் பேரம் பேசியிருந்தா, அந்தக் கிழவர் பைபிளையும் குடுத்து, தலையில இருந்த தொப்பியையும் கழட்டிக் குடுத்திருப்பார்."