சிவந்த கண்ணும் பழைய நோயும்

கேள்வி: இரத்தப் புற்றுநோய் அடங்கிக் கல்வராயன் மலைக்குத் திரும்பிய சிறுவனுக்குக் கண் சிவந்து மங்கினால், சொட்டு மருந்து போதாதா?

பதில்: போதாது; சிவந்த கண்ணெல்லாம் 'மெட்ராஸ் ஐ' அன்று. இரத்தத்திலிருந்து வேண்டாதவை புகாதபடி கண்ணைக் காக்கும் நுண்தடுப்பு, கீமோதெரபி மருந்தையும் வாசலிலேயே பெருமளவு நிறுத்திவிடுவதால், உள்ளே பதுங்கிய புற்றணுக்கள் பிழைத்து, எலும்பு மஜ்ஜை தூய்மையாகத் தோன்றும் காலத்திலும் நோயை மீண்டும் தலைகாட்டச் செய்யலாம். கருவிழிப்படலத்துக்குப் பின்னுள்ள முன்னறையில் அவை வெண்படிவாகத் தேங்கும்போது, சாதாரண அழற்சியெனக் கருதப்பட்டு, ஸ்டீராய்டு சொட்டில் சற்றே அடங்கி ஏமாற்றுவதும் உண்டு. முன்னறை நீரைச் சிறிதளவு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தால் உண்மை வெளிப்படக்கூடும். பார்வை நரம்புக்குள் புற்றணுக்கள் ஊடுருவினாலோ அது அவசரநிலை: எம்.ஆர்.ஐ., முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை, அந்நீரிலேயே செலுத்தப்படும் மெத்தோட்ரெக்சேட், தேவைக்கேற்பக் கதிர்வீச்சு ஆகியவற்றில் ஒரு நாள் தாமதமும் பார்வையைப் பறிக்கலாம். கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து இறங்குவது பெரும்பாடுதான். ஆயினும் 2022-இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, முன்பு சிகிச்சையளித்த மருத்துவமனைக்கோ அன்றே செல்வதும், கண்ணைக் காட்டும் முன் பழைய நோயின் பெயரைச் சொல்வதும் இன்றியமையாதவை.