மடிக்கணினிக்கு வரன் பார்த்த படலம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. சரி, 11-க்குப் போகலாமென்றால் அது ஜாதகம் கேட்கிறது. டிபிஎம் 2.0 சிப் உண்டா? இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையா, அதற்குப் பிந்தியதா? எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்கே மூன்று தலைமுறைக்கு மேல் விசாரிக்க மாட்டார்கள்.

நம்முடையது ஆறாம் தலைமுறை. தள்ளுபடி.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. மகள் மேக் வாங்கச் சொன்னாள். விலையைப் பார்த்ததும் அந்தப் பேச்சு அப்படியே அமுங்கியது. மகன் லினக்ஸ் மின்ட் கட்சி. "காசே வேணாம்ப்பா." "காசு வேணாம் சரி, உங்கப்பாவோட ஞாயித்துக்கிழமை எத்தனை வேணுமாம்?" என்றாள் மனைவி.

மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்த்தோம். வைஃபை வந்தது. தமிழ்99 விசைப்பலகைகூட உள்ளேயே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்து நிமிடம் 'அம்மா' என்று அடித்து அடித்துப் பார்த்தேன்.

"அப்படியே கரன்ட் பில் கட்டிடேன்" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தேன். "நீ பென்டிரைவ் தேடிக்கிட்டிருந்தப்பவே போன்ல கட்டியாச்சு." ரயில் டிக்கெட்? போன். பையனின் ஹோம்வொர்க்? அதுவும் வாட்ஸ்அப் குரூப்பில்.

எந்த இயங்குதளம் என்பது இன்னும் முடிவாகவில்லை. மடிக்கணினியின் மூடிமேல் இப்போதைக்கு அம்மாவின் கண்ணாடிக் கூடும் பஞ்சாங்கமும் இருக்கின்றன.