வெடிமருந்தும் வெண்டைக்காயும்

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் எனக்குப் பயம் வந்தது. பயத்துக்குப் பின்னாலேயே, வெளியில் சொல்ல முடியாத ஒரு சந்தோஷமும் வந்தது. இனி மார்க்கெட் இல்லை, ரேஷன் கடை இல்லை, மொட்டை மாடியில் வடகத்துக்குக் காக்கை விரட்டும் உத்தியோகமும் இல்லை! கல்யாணமான நாளிலிருந்து எத்தனை பொய் சொல்லியும் கிடைக்காத விடுதலை, ஒரு ஈ.சி.ஜி. தாளில் கிடைத்துவிட்டது.

டாக்டர் அதைக் கெடுத்தார். நைட்ரேட் இனத்தில் இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று, காலையில் மெல்லாமல் உடைக்காமல் விழுங்குவது. மற்றொன்று சார்பிட்ரேட், நாக்குக்கு அடியில் வைப்பது. "இதை முழுங்கிடாதீங்க. வயித்து வழியா போனா கல்லீரலே நிறைய அழிச்சிடும். வலி வந்தா மட்டும்தான்னு இல்ல. மாடி ஏறணும், தூரம் நடக்கணும்னு தெரிஞ்சா கால் மணி நேரம் முன்னாடியே வச்சுக்கலாம். வலி வராம தடுக்கும்."

என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்குப் புரிவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. மாத்திரை கொடுப்பது வேலையிலிருந்து தப்பிக்க அல்ல, வேலை பார்க்க!

அன்று முதல் வீட்டில், "என்னங்க, மாத்திரையை வச்சுக்குங்க" என்று குரல் வந்தால், கால் மணி நேரத்தில் கைக்குப் பை வரும். வெண்டைக்காய் வாங்கக்கூட முன்னறிவிப்போடு அனுப்பப்படும் கணவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.

ஒரே ஆறுதல், அதை உட்கார்ந்துதான் போட வேண்டும். மருந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்தும்போது ரத்த அழுத்தம் இறங்கும். நின்றபடி போட்டால் தலை சுற்றி விழலாம். எழுந்திருப்பதும் மெதுவாகத்தான். ஒரு டாக்டர் சொன்னதை நான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பது இது ஒன்றில்தான்.

முதல் வாரம் மாத்திரையால் வந்த தலைவலி மண்டையைப் பிளந்தது. அதற்குப் பெரிய பரம்பரையே இருக்கிறதாம். 1847-இல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் இதே நைட்ரேட் இனத்து நைட்ரோகிளிசரினைத் தயாரித்தார். துளியூண்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆல்ஃபிரட் நோபல் அதைக்கொண்டு டைனமைட் செய்தார். லண்டனில் வில்லியம் மரல் என்ற மருத்துவர் 1879-இல் அதையே நெஞ்சுவலிக்குக் கொடுத்தார். கடைசியில் நோபலுக்கும் நெஞ்சுவலி; டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது அதே சரக்கு. ஜனங்கள் பயப்படக் கூடாதென்று அதற்கு 'டிரினிட்ரின்' என்று பெயர் மாற்றியிருந்தார்கள். நான் சாப்பிடுவது டைனமைட்டின் பங்காளி என்று மனைவியிடம் கம்பீரமாகச் சொன்னேன். "பாவம், உங்களைப் பார்த்து அதுவே நமுத்துப் போயிருக்கும்" என்றாள்.

டைனமைட் ஆலைத் தொழிலாளிகளுக்குத் திங்கட்கிழமைதோறும் தலை வெடிக்குமாம். வாரம் முழுக்க உடம்பு மருந்துக்குப் பழகிவிடும். ஞாயிறு விடுமுறையில் அந்தப் பழக்கம் போய்விடும். திங்களன்று மறுபடி தொடக்கம். நான் விழுங்கும் மாத்திரைக்கும் அதே குணம். ஓயாமல் உடம்பில் இருந்தால் பலிக்காது. அதனால்தான் காலையில் மட்டும். ராத்திரி அதற்கு ஓய்வு. வீட்டில் மாத்திரைக்கு இருக்கிற தொழிலாளர் உரிமை எனக்கு இல்லை.

அடுத்த முறை போனபோது டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "வயாகரா மாதிரி ஏதாவது எடுக்கறீங்களா? இதோட சேர்ந்தா பிரஷர் அதலபாதாளத்துக்குப் போயிடும். உயிருக்கே ஆபத்து. தினமும் நைட்ரேட் போடறவங்க அந்தப் பக்கமே போகக் கூடாது." நான் கௌரவமாக யோசிப்பதுபோல் பாவனை செய்தேன். அதற்குள் என் மனைவி சிரித்துவிட்டாள். டாக்டர் மேற்கொண்டு கேட்காமல் எழுதிக்கொண்டார்.

பிறகு குரலை மாற்றிக்கொண்டு அவளிடம் சொன்னார்: "உட்கார்ந்து மாத்திரை வச்சும் அஞ்சு நிமிஷத்துல வலி குறையலைன்னா யோசிக்கவே கூடாது, 108-க்கு போன் பண்ணுங்க." இதற்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி நான் ஒரு விண்ணப்பம் வைத்தேன்.

"டாக்டர், இருபது லிட்டர் தண்ணி கேன் தூக்கலாமா?"

"கூடவே கூடாது."

வெற்றிப் பெருமிதத்தோடு மனைவியைப் பார்த்தேன்.

"அதைக் கடைப் பையன்தானே எப்பவும் தூக்கறான், டாக்டர்" என்றாள்.