தரநிலைக்கு உட்பட்ட தீ

கொல் என்று எழுதினால் குற்றமில்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கத்து மக்களுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம் இது. முஸ்லிம்களைக் கொல்லுங்கள், ஒரு குழந்தையைக்கூடத் தப்ப விடாதீர்கள் என்ற பொருளில் சிங்களத்தில் ஒரு பதிவு பேஸ்புக்கில் வந்தது. பார்த்த ஒருவர் முறைப்பாடு செய்தார். ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பதிவு கம்பனியின் குறிப்பிட்ட சமூகத் தரநிலை எதையும் மீறவில்லையாம்.

அந்த நாட்களில் நாட்டில் அவசரகாலச் சட்டம் இருந்தது. வீதியில் இராணுவம் நின்றது. நாட்டுக்கே அவசரம். தரநிலைக்கு மட்டும் அவசரமில்லை.

இதே கம்பனி குழந்தைகள் விடயத்தில் எவ்வளவு கண்டிப்பானது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016இல் நோர்வே எழுத்தாளர் ஒருவர், 1972இல் வியட்நாமில் நேபாம் குண்டில் உடல் கருகி, உடையில்லாமல் அலறியபடி ஓடிவரும் சிறுமியின் படத்தைப் போட்டார். உலகமே அறிந்த படம். தூக்கிவிட்டார்கள். நோர்வேயின் பிரதமரே அதை எடுத்துப் போட்டார். அதையும் தூக்கினார்கள். ஆக, எரிந்த குழந்தையைக் காட்டினால் ஆபாசம். குழந்தையையும் விடாதே என்று எழுதினால் கருத்து.

இனி ஊருக்கு வருவோம். கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் போனால் பல்லேகல வரும். சர்வதேச கிரிக்கெட் மைதானம், கைத்தொழில் பேட்டை, போகம்பறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சிறைச்சாலை. ஓர் ஊருக்குத் தேவையானதெல்லாம் உண்டு. அதைத் தாண்டினால் திகன. இன்னும் போனால் தெல்தெனிய. 2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வாகனத் தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டார். மார்ச் 3ஆம் திகதி வைத்தியசாலையில் இறந்தார். தாக்கியவர்களைப் பிடித்துத் தண்டிப்பதற்கு நாட்டில் சட்டம் இருந்தது. ஆனால் சிலருக்குத் தேவைப்பட்டது குற்றவாளியல்ல, கடைத்தெரு. சிங்கள பௌத்தத் தீவிர அமைப்பான மகசோன் பலகாயவின் தலைவர் திகனவில் நடந்து நடந்து, சிங்களவர் கடை இத்தனைதான் மிச்சம் என்று எண்ணிக் காட்டும் காணொளி பேஸ்புக்கில் ஓடியது. கவனியுங்கள். இறந்தவரைப் பற்றிய துக்கம் கடைக் கணக்கில் வந்து நிற்கிறது. மார்ச் 4, 5இல் திகன எரிந்தது. எரிந்த வீடொன்றுக்குள் ஓர் இளைஞனின் உடல் கிடந்தது. ஊரடங்கு போட்டார்கள். ஊரடங்குக்குள்ளும் எரிந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள், கடைகள். பள்ளிவாசல்கள். மார்ச் 6ஆம் திகதி அவசரகாலம் பிரகடனமானது. அன்றே கொழும்பில், சுதந்திரத்தின் 70ஆம் ஆண்டைக் கொண்டாடும் கிண்ணத்துக்காக இலங்கையும் இந்தியாவும் கிரிக்கெட் ஆடத் தொடங்கின.

இதற்கெல்லாம் ஒரு வாரம் முன்பு அம்பாறையில் ஒத்திகை முடிந்திருந்தது. முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் ஏதோ கட்டி. மலடாக்கும் மாத்திரை போட்டாயா என்று ஒரு கூட்டம் சூழ்ந்து நின்று கேட்கிறது. கடைக்காரருக்குச் சிங்களம் அரைகுறை. பயம் முழுமை. தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டலைக் கைபேசியில் பிடித்து நாடெங்கும் அனுப்பினார்கள். கடை போயிற்று, பள்ளிவாசலும் அடிபட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னார்: அது மாவுக் கட்டி.

பேஸ்புக்குக்கும் சிங்களம் அரைகுறைதான். சிங்களம் தெரிந்தவர்களை இனிமேல் கூடுதலாகச் சேர்க்கிறோம் என்று கம்பனி அப்போது சொன்னது. இருந்தவர்கள் போதவில்லை என்பதை இதைவிடப் பணிவாகச் சொல்ல முடியாது. ஒன்றரைக் கோடிப் பேர் பேசும் மொழி அது. ஆக, இந்தக் கதையில் சிங்களம் சரியாகத் தெரியாத தரப்பு இரண்டு. ஒருவர் அம்பாறைக் கடைக்காரர். அவர் கடையை இழந்தார். மற்றவர் பேஸ்புக். அந்த ஆண்டு அதன் வருமானம் 55.8 பில்லியன் டொலர்.

முறைப்பாடு செய்து பார்த்தவர்களுக்கு அந்தச் சடங்கு தெரியும். பதிவின் மூலையில் மூன்று புள்ளி. அழுத்தினால் ஒரு பட்டியல். வெறுப்புப் பேச்சா, வன்முறையா, ஏமாற்றா, அல்லது வெறுமனே உங்களுக்குப் பிடிக்கவில்லையா? கொலை மிரட்டலும் பிடிக்காத சட்டையும் ஒரே பட்டியலில். தெரிவு செய்ததும் உடனே நன்றி வரும். நன்றிக்கு மொழிப் பிரச்சினை இல்லை. பிறகு மௌனம். பிறகு, மீறவில்லை. வால்பகுதியில் ஓர் ஆலோசனை: இந்த ஆளைப் பார்க்க விருப்பமில்லையென்றால் முடக்கிவிடலாம். உன் வீட்டைக் கொளுத்தச் சொல்கிறவனை நீ பார்க்காமல் இருக்கலாம். அவன் உன் வீட்டைப் பார்ப்பதை யார் முடக்குவது?

இப்போது அதே கம்பனியில் பணம் கட்டி ஒரு விளம்பரம் போட்டுப் பாருங்கள். சிங்களத்திலும் போடலாம், தமிழிலும் போடலாம். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பரிசீலனை முடிந்துவிடும் என்று கம்பனியே உறுதி சொல்கிறது. கடன் அட்டை எல்லா மொழியும் பேசும்.

சின்ன அளவில் இதை நம் பக்கத்திலேயே பார்த்திருப்பீர்கள். கண்டியைச் சுற்றிக் காணி, வீடு தேடுகிறவர்களுக்கென்று பேஸ்புக் குழுக்கள். வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்தவர்கள் நம்பி வந்து விசாரிப்பார்கள். ‘நட்பான சூழலைப் பேணுங்கள்’ என்று முகப்பில் விதி. மண்சரிவு அபாயம் உண்டா, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி உண்டா என்று யாராவது கேட்டால் கேள்வி மறையும். பிறகு கேட்டவரும் மறைவார். நிர்வாகி யாரென்று தேடிப் போனால் காணித் தரகர். குழு சேவை என்றார்கள். சேவைதான், தரகுக்கு. பெரிய கம்பனி செய்வதும் இதுவே. தரகுத் தொகையில்தான் வித்தியாசம்.

2018 ஏப்ரலில் அமெரிக்க செனட் சபையில் மார்க் சக்கர்பேர்க்கை உட்கார வைத்துக் கேட்டார்கள். பாவிப்பவர் காசு கொடுக்காத சேவையை எப்படி நடத்துகிறீர்கள்? நாங்கள் விளம்பரம் போடுகிறோம் என்றார். அந்த ஒரு பதிலாவது உண்மை. விளம்பரம் காட்ட ஆள் நிற்க வேண்டும். ஆளை நிறுத்தி வைக்க அன்பு போதாது, கோபம் வேண்டும். இது என் ஊகம் அல்ல. 2017 முதல் கோபமுகக் குறி உட்பட்ட உணர்ச்சிக் குறிகளுக்குச் சாதாரண லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பெண் கொடுத்துப் பதிவுகளை மேலே தள்ளினார்கள் என்று 2021இல் வெளியே வந்த கம்பனி ஆவணங்கள் காட்டின. திகனவைப் பற்றி வயிறெரிந்து ஒருவன் கோபக் குறி போட்டாலும் ஐந்து. வெறியேறி ஒருவன் போட்டாலும் ஐந்து. தராசுக்கு இனபேதம் கிடையாது.

அதே ஆவணங்கள் இன்னொன்றும் சொல்லின. பொய்த் தகவலை இனங்காணச் செலவிட்ட நேரத்தில் 87 வீதம் அமெரிக்காவுக்கு. மிச்ச உலகம் முழுவதற்கும் 13. தினசரிப் பாவனையாளரில் வட அமெரிக்கர் பத்தில் ஒரு பங்குதான். கணக்கு முழுமையற்றது என்றது கம்பனி. சரி, அரைக் கணக்கிலேயே இந்த லட்சணம். பிரமுகர்களுக்கென்று தனிப் பட்டியல் ஒன்றும் இருந்தது. 2020இல் அதில் 58 இலட்சம் கணக்குகள். வழக்கமான விதிகள் இவர்கள்மீது அப்படியே பாயாது. விதி எல்லோருக்கும் ஒன்று என்று அதுவரை மேடையில் சொல்லிவந்தவர்கள் இவர்களே. நம் ஊர் அரசியல்வாதி செய்தால் காறித் துப்புவோம். கலிபோர்னியாவில் செய்தால் அதற்குப் பெயர் தொழில்நுட்பம்.

யாரும் எச்சரிக்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை. 2014 ஜூனில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் அளுத்கம எரிந்தது. அந்த ஆண்டே கொழும்பின் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 20 பேஸ்புக் குழுக்களை ஆராய்ந்து, வெறுப்பு எப்படி விளைகிறது என்று அறிக்கை போட்டது. திகனவுக்கு நான்கு ஆண்டுகள் முன்பு. அறிக்கைக்கு யாரும் கோபக் குறி போட்டிருக்க மாட்டார்கள். மேலே வரவில்லை.

கம்பனியின் வக்கீல்கள் ஒன்று கேட்கலாம். 1915இல் கண்டியில் சிங்கள-முஸ்லிம் கலவரம் வெடித்தபோது பேஸ்புக் இருந்ததா? இல்லை. காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் வெசாக் ஊர்வலத்தில் தொடங்கி நாடெங்கும் பரவிய தீ அது. வெறுப்பை பேஸ்புக் கண்டுபிடிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நமக்குச் சொந்தமாகவே அது ஏராளம் உண்டு. ஆனால் அன்றைக்கு வதந்தி ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும்போது நடுவில் யாரும் விளம்பரம் விற்கவில்லை. அன்றைய பத்திரிகைக்கு ஒரு விலாசம் இருந்தது. ‘சிங்கள பௌத்தயா’வை வெள்ளைக்காரன் தடைசெய்தபோது எந்தக் கதவைத் தட்டுவது என்று அவனுக்குத் தெரிந்தது. நமக்குத் தெரிந்த கதவு மூன்று புள்ளி.

அரசாங்கத்தை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மார்ச் 4, 5இல் திகன எரிந்தது. மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கினார்கள். வீடு எரிந்து முடிந்தபிறகு தீப்பெட்டிக் கடையைப் பூட்டுகிற சாமர்த்தியம். அந்தத் தடையால் ஒரே ஒரு நன்மை. ஆண்டுக்கணக்கான முறைப்பாடுகளுக்கு அசையாத கம்பனி, வியாபாரம் நின்றதும் கொழும்புக்கு ஆள் அனுப்பியது. ஜனாதிபதி செயலகத்தில் பேச்சு நடந்தது. மார்ச் 15ஆம் திகதி தடை நீங்கியது. பிணம் விழுந்தபோது வராதவர்கள், வருமானம் விழுந்தபோது வந்தார்கள். தடையிலும் யார் நின்றார்கள்? பத்து வயதுப் பிள்ளைக்கும் வி.பி.என். தெரியும். 2022 ஏப்ரலில் மறுபடி முடக்கியபோது, அப்போதைய அரசாங்கத்தின் அமைச்சர் நாமல் ராஜபக்சவே வி.பி.என். வழியாக வந்து, இத்தகைய தடை பயனற்றது என்று டுவிட்டரில் எழுதினார். தன் அரசாங்கத்தின் தடையைத் தாண்டி வந்து தன் அரசாங்கத்தின் தடையைக் கண்டித்த அமைச்சர் வேறு எந்த நாட்டுக்குக் கிடைப்பார்?

மன்னிப்பும் வந்தது. 2020 மே மாதம். ஆய்வு நிறுவனம் ஒன்றைக் கொண்டு விசாரித்து, 2018 வன்முறையில் தங்கள் தளத்துக்கும் பங்கிருந்திருக்கலாம் என்று கண்டு, மனித உரிமைப் பாதிப்புகளுக்காக மன்னிப்புக் கேட்டது பேஸ்புக். சாம்பலை அள்ளிக் கொட்டி, கடன்பட்டுக் கடை கட்டி, கொரோனா ஊரடங்கில் அந்தக் கடையையும் பூட்டி வைத்திருந்த நேரத்தில் திகனக்காரருக்கு மன்னிப்பு வந்து சேர்ந்தது. இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் எடுத்த மன்னிப்பு. அந்த ஆண்டு கம்பனியின் வருமானம் ஏறத்தாழ 86 பில்லியன் டொலர். வருத்தத்தால் வியாபாரம் படுத்ததாகத் தெரியவில்லை.

மன்னிப்பு வந்த அதே மே மாதத்தில், கண்டிப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர் விளக்கமறியலில் இருந்தார். அவர் செய்த குற்றம் ஒரு பேஸ்புக் பதிவு. முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைக் கருத்தால் எதிர்கொள்ள வேண்டும், பேனாவும் விசைப்பலகையும்தான் ஆயுதம் என்று எழுதியிருந்தார். ‘ஜிஹாத்’ என்ற சொல் அதில் இருந்தது. போதாதா? கொலை மிரட்டல் வந்தது. பொலிஸில் முறைப்பாடு செய்தார். பொலிஸ் விரைந்து செயற்பட்டது. முறைப்பாடு செய்தவரைக் கைது செய்தது. பாய்ந்த சட்டம் எது தெரியுமா? குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம். உரிமையைக் காக்க வந்த சட்டம். ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது.

பாராளுமன்றம் அந்தத் தீர்ப்பை எவ்வளவு கவனமாகப் படித்தது என்பது இரண்டு மாதத்தில் தெரிந்தது. 2024 ஜனவரி 24ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. எது பொய், எதை நீக்க வேண்டும் என்று தீர்மானிக்க ஐவர் கொண்ட ஆணைக்குழு. பத்திரிகையாளர்கள் எதிர்த்தார்கள். மனித உரிமை அமைப்புகள் எதிர்த்தன. பேஸ்புக்கின் தாய்க் கம்பனியான மெட்டாவும் கூகிளும் அங்கம் வகிக்கும் ஆசிய இணையக் கூட்டமைப்பும் எதிர்த்தது. நாட்டின் டிஜிட்டல் பொருளாதாரமும் முதலீடும் பாதிக்கப்படும் என்று அதற்குக் கவலை. கூட்டமைப்பின் கவலைகள் எப்போதும் டொலரில்தான் வரும்.

திகனக் கடைத்தெருவில் நிற்பவனை இப்போது இரண்டு பேர் பாதுகாக்கப் போட்டி போடுகிறார்கள். ஒருவனிடம் முறைப்பாடு செய்தால் மீறவில்லை என்பான். மற்றவனிடம் முறைப்பாடு செய்தால் முறைப்பாட்டுக்காரனையே கொண்டுபோய் உள்ளே வைப்பான்.